சிரித்தால் கசியும்

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் ஆண்கள் கழிவறையில், ஒரு நாள் காலை, மூடி போட்ட சின்ன வெள்ளைத் தொட்டி ஒன்று முளைத்திருந்தது. தவறிப்போய்ப் பெண்கள் பக்கம் நுழைந்துவிட்டேன் என்று பதறி, வெளியே ஓடிவந்து கதவிலிருந்த பொம்மையைச் சரிபார்த்தேன். பேண்ட் போட்ட பொம்மைதான். மறுபடி உள்ளே போய் மூடியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். சிறுநீர்க் கசிவு உள்ள ஆண்கள் தங்கள் பஞ்சுப் பட்டைகளை இதில் போடலாம் என்று, ரயில் நிலையத்தில் பிளாட்பார எண் எழுதுவதுபோல அத்தனை சாதாரணமாக எழுதியிருந்தார்கள். இவர்களுக்கு எதற்கெல்லாம்தான் தொட்டி வேண்டும் என்று அன்று சாப்பாட்டு வேளை முழுவதும் கிண்டல் செய்தேன். ஏழு மாதம் கழித்து அந்தத் தொட்டிக்கு நானே நிரந்தர வாடிக்கையாளன் ஆனேன்.

ஐம்பத்து நான்கு வயதில் என் புராஸ்டேட் சுரப்பியில் வேண்டாதது ஒன்று வளர்கிறது என்று கண்டுபிடித்து, சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். வேண்டாதது போயிற்று. கூடவே குழாயின் வாஷரும் போயிற்று. மூத்திரப்பைக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கீழிருந்து தாங்கும் தசைகளும், வாயை இறுக்கி மூடும் தசையும்தான், கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி ஆகிவிட்டன. இருமினால், தும்மினால், கனமாக எதையாவது தூக்கினால், நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் வயிறு கீழ்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்துக்கு இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. அவசரமாகப் போகவேண்டும் என்று ஓடுவது வேறு வியாதி. அதில் முன்கூட்டித் தகவலாவது வரும். இதில் ஈரமானபிறகுதான் தெரியும். சிரித்தாலும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து பிறரைச் சிரிக்கவைத்து, அதைவிடச் சத்தமாகத் தானும் சிரிக்கிற ஒருவனுக்கு இதைக் கொடுத்த கடவுளின் நகைச்சுவை உணர்ச்சி என்னுடையதைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்ட்ரெஸ் என்று தொடங்கும் பெயர். அதைக் கேட்டதும் என் மனைவி லதா, ஆபீஸ் டென்ஷன்தான் காரணம் என்று முடிவுகட்டிப் பிராணாயாமத்துக்கு உட்காரவைத்தாள். மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வயிற்றின் அழுத்தம் என்று எனக்கு டாக்டர் சொல்லவில்லை. மூச்சை வேகமாக வெளியே தள்ளிய மூன்றாவது தடவை, உட்கார்ந்திருந்த பாய் நனைந்து சொன்னது.

இந்த லட்சணத்தில்தான் மயிலாப்பூரிலிருந்து விஜி அக்கா போன் செய்தாள். அவள் பெண் அனுவுக்குத் தை மாதம் கல்யாணம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது மணப்பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமன் வேலை. அனுவுக்கு ஒரே மாமன் நான். "பாலு, பத்து நாள் முன்னாலயே வந்துடு. நீ தூக்கலேன்னா அவ மாலையே போடமாட்டாளாம்" என்றாள் அக்கா. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நான் கொடுத்த வாக்கு அது. பிள்ளை வீட்டார் ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்துக்கு உன்னைத் தூக்குவேன் என்று சொல்லியிருக்கிறேன். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணத்தை என் அக்காவிடம்கூடச் சொல்லமுடியாது. ஆபரேஷன் நடந்ததே ஊரில் யாருக்கும் தெரியாது.

இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஃப்ராவ் க்ரூபர் என்ற அம்மாளிடம் போய், ஒரு பெண்ணைத் தோளில் தூக்கவேண்டும், என்ன செய்யலாம் என்றேன். "அவளால் நடக்கமுடியாதா?" என்று கவலையோடு கேட்டாள். நன்றாக நடப்பாள், கல்யாணம், அதனால் தூக்குகிறோம் என்றேன். "அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் சம்மதம்தானே?" என்றாள். விளக்க விளக்க, பெண்ணைக் கடத்துகிற கூட்டத்தின் தலைவன்போல ஆகிக்கொண்டே போனேன். கடைசியில் எத்தனை கிலோ என்று கேட்டாள். அனுவுக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பெண்ணிடம் எடை கேட்டவனுக்கு என்ன பதில் வருமோ அது வந்தது. ஐம்பத்தெட்டு என்று நானே வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் பெட்டிகளை மூன்று மாடிக்குத் தூக்கிப் பழகினேன். பெட்டியிலிருந்த பாட்டில்கள் ஒன்றுகூடக் கசியவில்லை. அந்த விஷயத்தில் ஜெர்மன் தயாரிப்பைக் குறைசொல்ல முடியாது.

சென்னைக்கு வந்த மூன்றாம் நாளே கையிருப்பு தீர்ந்தது. கொலோனில் ஒரு நாளைக்கு இரண்டு பட்டை. அங்கே சிரிக்க ஆள் இல்லை. இங்கே பெரியப்பா பிள்ளைகள், பழைய தெருக்காரர்கள், காபி, மறுபடி காபி. ஒரு நாளைக்கு ஐந்து. தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கீழே இறுக்கினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், கோயில் எதுவுமே இல்ல, கண்ண மூடி கும்பிட்டுக்கினே வர்றே?" என்றார். வழியில் ஒரு மருந்துக்கடையில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை.

"பெரியவங்களுக்கா சார்? யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"நைனாக்கு இடுப்பு சைஸ் இன்னா? நடக்கறாரா, படுத்த படுக்கையா கீறாரா?"

அப்பா இறந்து பதினோரு வருஷம். "நடக்கிறார்" என்றேன். என் இடுப்பை ஒருமுறை நோட்டம் விட்டு, "உங்க சைஸே எடுத்துக்குங்க, சரியா இருக்கும்" என்று அறுபது பட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கியதை அக்கா வீட்டில் என் பெட்டியின் அடியில், ஜரிகை வேஷ்டிக்குக் கீழே, நகை மாதிரி பூட்டிவைத்தேன்.

விஜி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவள். சிறுவயதில் நான் செய்யும் சேட்டைக்கெல்லாம் முதலில் உருண்டு சிரிப்பவள் அவள்தான். அனு பிறந்தபிறகு மாறிப்போனாள். நான் வாயைத் திறந்தாலே முகத்தை இறுக்கிக்கொள்வாள். என் கல்யாணத்தன்று நலங்கின்போது, எங்கள் வாத்தியார் மந்திரம் சொல்வதுபோல நடித்துக்காட்டினேன். கூடமே சிரித்தது, அக்கா நடுவில் எழுந்து விறுவிறுவென்று போய்விட்டாள். நான் நன்றாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று வருஷக்கணக்கில் நினைத்தேன். 'ஜட்ஜ் அம்மா' என்று பெயர் வைத்தேன். என் ஜோக்கைத் தாங்கமுடியாமல் எழுந்து ஓடுகிற ஒரே ஆள் என்று அவள் எதிரிலேயே எல்லோரிடமும் சொல்லுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் உள்ளே போய்விடுவாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அக்கா சமையலறையில் மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க நான் உள்ளே போகவும் வாணலி கருகவும் சரியாக இருந்தது. நெடி மூக்கில் ஏறியது. இருவருக்கும் ஒரே நேரத்தில் தும்மல். நான் சட்டென்று தொடையோடு தொடையைப் பின்னிக்கொண்டு, ஃப்ரிட்ஜைப் பிடித்தபடி நின்றேன். தும்மி முடித்து நிமிர்ந்தால், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் அப்படியே நிற்கிறாள். அதே பின்னல். என் கால்களைப் பார்த்தாள். நான் அவள் கால்களைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தாள்.

"எத்தனை நாளாடா?"

"ஒரு வருஷமா. ஆபரேஷனுக்கு அப்புறம்."

"என்ன ஆபரேஷன்?"

சொன்னேன். திட்டினாள், கொஞ்சம் அழுதாள், மறுபடி திட்டினாள். பிறகு, "உனக்கு எத்தனை நாளா?" என்று நான் கேட்டேன்.

"அனுவுக்கு எத்தனை வயசோ அத்தனை. இருபத்தேழு."

அனு நாலு கிலோ. வெளியே வராமல் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அன்று தளர்ந்தது, மாதவிடாய் நின்றபிறகு இன்னும் மோசம். அவளுக்கு வருஷம் முழுவதும் தூசி இருமல் வேறு. "அத்திம்பேர்கிட்ட சொன்னியா?" என்றேன். "சொன்னேன். பெத்தவாளுக்கெல்லாம் வரதுதானேன்னார். அன்னிலேர்ந்து தலகாணியை எடுத்துண்டு ஹால்ல படுத்துண்டார். டாக்டர்கிட்ட போய் என்னன்னு சொல்ல? சிரிச்சா ஒண்ணுக்குப் போறதுன்னா?" என்றாள். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறாளாம். வெளிர் நிறத்தில் புடவை கட்டி இருபது வருஷம் ஆகிறதாம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது மணமேடையை அல்ல, கழிவறை எந்தப் பக்கம் என்பதைத்தான்.

"அப்ப என் நலங்குல..."

"நீ வாத்தியார் மாதிரி மூக்கை உறிஞ்சினியே, பாவி. புடவை பூரா நனைஞ்சுபோச்சு."

முப்பது வருஷத்துக்குப் பக்கமாக நான் சுமந்த வருத்தம், கோபம், கிண்டல் எல்லாம் ஒரு நொடியில் என் பக்கமே திரும்பி உட்கார்ந்தது. இதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு, சிலருக்குச் சின்ன ஆபரேஷனே போதும், அடையாறில் விசாரித்து ஒரு லேடி டாக்டரிடம் போகலாம் என்றேன். "கல்யாணம் ஆகட்டும்" என்றாள். மாறாக அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள்: "காலம்பற காபியைத் தொடாதே. தூக்கறச்சே மூச்சைப் பிடிக்காதே, விட்டுண்டே தூக்கு. தும்மல் வந்தா முதல்ல கீழே இறுக்கிண்டு அப்புறம் தும்மு." ஃப்ராவ் க்ரூபர் பன்னிரண்டு வகுப்பில் சொன்னதில் பாதியை அக்கா யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். மீதிப் பாதி, அந்தத் தசையைத் தினமும் இறுக்கி விட்டுப் பழக்கினால் பலப்படும் என்பது. அதைச் சொல்லத்தான் அவளுக்கு இருபத்தேழு வருஷமாக ஆள் இல்லை.

கல்யாணத்தன்று காலை காபி இல்லை. பஞ்சகச்சத்துக்குள் இரண்டு பட்டைகள். மணப்பந்தலில் நாதஸ்வரம் எகிறியது. எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையை அவன் மாமன் தூக்கிக்கொண்டு நின்றான். அந்தத் தடியனுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அனு என்னைப் பார்த்து, "மாமா, விட்டுடமாட்டியே?" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. மூச்சை விட்டுக்கொண்டே குனிந்து, மூச்சை விட்டுக்கொண்டே நிமிர்ந்தேன். தோளில் அனு. கசிந்தது, பட்டை பிடித்துக்கொண்டது. உலகத்துக்குத் தெரியாது. தூக்கிவிட்டேன்!

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் ஒரு வருஷம் அடங்கிக் கிடந்த குரங்கு எனக்குள் எழுந்துவிட்டது. முன்வரிசையில் அரக்குநிற மடிசாரில் அக்கா கைகூப்பி நின்றிருந்தாள், முகத்தை இறுக்கிக்கொண்டு. என் ஜட்ஜ் அம்மா. அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. மணப்பெண்ணைத் தோளில் வைத்தபடியே, அவள் கண்ணைப் பார்த்து, தொடையோடு தொடையைப் பின்னி, சமையலறையில் நின்றதுபோல ஒரு நொடி நின்றுகாட்டினேன். ஏதோ நடனம் என்று நினைத்துச் சபை ஆரவாரம் செய்தது. புரிந்தது ஒருத்திக்குத்தான். அக்கா சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அதே கணத்தில் அவள் முகம் மாறியது. திரும்பினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அனு மாலை போட்டாள். மாப்பிள்ளை போட்டான். மறுபடி அனு. பெற்றவள் அங்கே இல்லை. ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாட ஆரம்பித்தபிறகுதான் அக்கா வந்தாள், மடிசார் போய்ச் சாதாரணப் புடவையில். சம்பந்தியம்மாள் மேலும் கீழும் பார்த்து, "ஏன், மடிசாரை அதுக்குள்ள அவுத்துட்டேள்?" என்றாள். "காபி கொட்டிடுத்து" என்றாள் அக்கா. "பொண்ணு மாலை மாத்தறச்சே காபி கேக்கறதாக்கும் உனக்கு" என்று அத்திம்பேர் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன் நான். வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு ஹெர்னியா, ஆஸ்துமா, எதையாவது சொல்லியிருக்கலாம். நிஜத்தைக்கூடச் சொல்லியிருக்கலாம். என் பஞ்சகச்சம் நனையாமல், கௌரவமாக இருந்தது.

அக்கா வீட்டுக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோதுதான் உறைத்தது. ஜரிகை வேஷ்டிக்கு அடியில் இன்னும் இருபத்தாறு பட்டைகள். ஐந்து நாளாக அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்கும் எல்லாம் தெரியும். கிழித்த பருத்தித் துணியோடுதான் அவள் மணப்பந்தலில் நின்றாள் என்றும் தெரியும். அக்காவிடம் தம்பி எடுத்து நீட்டுகிற பொருளா என்று ஒரு கூச்சம், அவ்வளவுதான். காலைக் குறுக்கே போட்டுச் சபையில் ஆடக் கூச்சமில்லை.

மீதியை அவள் பீரோவில் வைத்துவிட்டுக் கொலோனுக்குத் திரும்பினேன். நாலு மாதம் ஆகிறது. டாக்டரிடம் போனாயா என்று ஞாயிறுதோறும் கேட்கிறேன். "அனு தனிக்குடித்தனம் போகட்டும்" என்றாள். பிறகு "வெயில் தணியட்டும்" என்றாள். பட்டைகளை என்ன செய்தாய் என்று மட்டும் நான் கேட்பதில்லை. ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தால், "பாலு, வேண்டாம்டா" என்கிறாள்.

கல்யாண வீடியோ போன வாரம் வந்தது. வீட்டில் லதா எதிரில் பார்க்கத் தைரியமில்லாமல், ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். நான் அனுவைத் தூக்குகிறேன். காலைப் பின்னுகிறேன். சபை சிரிக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் ஒரு அரக்குநிற மடிசார் வெளியே போகிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன். அக்காவின் முதுகில் பாதி படத்துக்குள் இருக்கிறது, பாதி இல்லை. முன்னால் ஓட்டினால் அவள் போய்விடுவாள். பின்னால் ஓட்டினால் என்னால் சிரித்துவிடுவாள். நிறுத்தியது நிறுத்தியபடியே போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் நனைந்த பட்டையைச் சுருட்டித் தொட்டியில் போட்டேன். வெள்ளை மூடி, சத்தமே இல்லாமல், தானாக மூடிக்கொண்டது.