மோட்டார் தூக்க ஒரு முற்றம்

சேலத்தில் ஆர்க்கிடெக்ட்டாக இருப்பது எப்படிப்பட்ட பிழைப்பு என்று யாராவது கேட்டால், கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். எனக்கு மறுபக்கத்தில் இருப்பவர் "என்ன பண்றீங்க?" என்பார். சொல்வேன். "இஞ்சினியருங்களா?" என்பார். இல்லைங்க, ஆர்க்கிடெக்ட் என்பேன். "அதுதானுங்க, இஞ்சினியரு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தன் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று கேட்பார். பாயசம் வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலான தொழிலில் என் யோசனைகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது பந்தியில்தான்.

அஸ்தம்பட்டியில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். கீழே போகவேண்டியவர்கள் சிலர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவதுண்டு. மேலேயே வரவேண்டியவர்களும் ஏறக்குறைய அதே முகத்தோடுதான் வருவார்கள். வந்தவுடன் ஃபோனை எடுத்துச் சகலையின் வீட்டைக் காட்டுவார்கள். "இதே மாதிரிதானுங்க. ஆனா இதவிடக் கொஞ்சம் எடுப்பா." சகலை இரண்டு தூண் வைத்திருந்தால் இவருக்கு நான்கு. இவர் வீட்டைப் பார்த்துவிட்டு இவருடைய இளைய சகலை வருவார், அவருக்கு ஆறு. இந்தச் சமவெளியில் கட்டடக்கலையை வளர்த்தவர்கள் சகலைகளே என்பது என் ஆராய்ச்சி முடிவு. நான் தூண்களை எண்ணிக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம் வைத்து ஒரு வீடு கட்டவேண்டும். ஒன்றே ஒன்று போதும். கல்லூரியில் இருட்டு அறையில் திரையில் காட்டினார்கள்: முற்றம், அதில் சாய்வாக விழுகிற வெயில், ஓரத்தில் ஒரு பித்தளைக் குடம். நான் பிறந்து வளர்ந்தது வரிசையாக ஆறு குடித்தனம் இருந்த லைன் வீட்டில். வானம் என்றால் எங்களுக்குப் பொதுக்குழாய்க்கு மேலே தெரிவது. அதைப் பார்க்கக் குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். ஆகவே முற்றத்தின் மேல் எனக்கு வந்த காதல், அதில் ஒருநாள்கூட நனையாதவனுக்கு வரும் காதல்.

என்னிடம் வந்தவர்கள் நனைந்தவர்கள். அதுதான் சிக்கல். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பண்ணையக்காரர்கள் பலரும் தொட்டிக்கட்டு வீடுகளில் பிறந்தவர்கள். நடுவில் தொட்டி போலத் தாழ்ந்த திறந்த முற்றம், சுற்றிலும் ஓடு வேய்ந்த அறைகள். நான் வரைபடத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரத்தை விட்டு, அதன்மேல் விரலை வைத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வெளிச்சம், காற்று என்று ஆரம்பிப்பேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு, "அதெல்லாஞ் செரிங்க, இதுக்கு மேல என்ன போடறீங்க?" என்பார்கள்.

அப்படித்தான் ரிக் வண்டி முதலாளி ஒருவரும் தம் மனைவியோடு வந்தார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் சொந்தத் தோட்டத்தில் வீடு கட்டவேண்டும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்தவர். வருடத்தில் பாதி அங்கே, மீதியில் முக்கால்வாசி சாலையில்; வீட்டில் இருந்தது கொஞ்சம்தான். நான் வெள்ளைச் சதுரத்தில் விரலை வைத்தேன். அந்த அம்மா அதை எட்டிப் பார்த்தார்.

"நான் பொறந்த ஊடு தொட்டிக்கட்டுங்க. மழை வந்தா சாப்படற தட்டத் தூக்கிட்டு ஓடோணும். ஒரு பக்கம் சமையக்கட்டு, எதுத்த பக்கம் படுக்கற ரூம்பு, நடுவுல மழை. இதுக்காங்க ஃபீசு குடுத்து உங்ககிட்ட வாரோம்?"

"மழை வருஷத்தில் எத்தனை நாளுங்க பெய்யுது நம்ம பக்கம்?"

"பெய்யற அன்னிக்கு நீங்க வந்து தொடைப்பீங்களா?"

சதுரத்தை அழித்தேன். அந்த இடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஹாலும், உச்சியில் சரவிளக்கும் வந்தன. சகலை வீட்டில் விளக்கு ஒரு மாடி உயரம்தான் என்று பிறகு தெரிந்தது.

வீடு கட்டுவதற்கு முன்னால் தண்ணீர் வேண்டும். ரிக் முதலாளி அடுத்தவன் வண்டியைக் கூப்பிட முடியுமா? வடக்கே ஓடிக்கொண்டிருந்த தம் வண்டிகளில் ஒன்றை ஊருக்கு வரவழைத்தார். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவர் நிலத்தில் நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. வாஸ்துக்காரருக்கும் அந்த மூலைதான் இஷ்டம். பூஜை போட்டு ரிக்கை ஓட்டித் துளைத்தார்கள். வெறும் கல்தூள். வெள்ளையாகக் கிளம்பி, தென்னைகளுக்கெல்லாம் பவுடர் பூசிவிட்டது. பத்தடி தள்ளி ஓட்டினார்கள். அதிலும் தூள்.

அதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. வீட்டுக்கு வீடு ரிக் வைத்திருக்கிற ஊரில் ரிக்குக்காரர் நிலத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் அது சும்மா சேதி இல்லை. இன்னொரு ரிக் முதலாளி, உறவுமுறையில் இவருக்கு மாப்பிள்ளை, புல்லட்டில் வந்து இறங்கினார்.

"என்னுங் மாமா, ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தீங்க, சொந்த நெலத்துல மாவு அரைக்கறீங்க?"

"ஆமா மாப்ள. உங்க ஊட்டுக்கு ரெண்டு படி வேணுமா?"

"வேண்டாமுங், எங்கூட்டுல தண்ணி இருக்குது. எட்டிப் பாத்தாவே தெரியும்."

அன்று சாயங்காலம் தேங்காய்ப் பெரியவர் மறுபடி நடந்தார். நான் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். அவர் அந்தக் கோடுகளை மதிக்காமல் வாசல் வழியே இல்லாமல் சுவர் வழியே நுழைந்து, என் ஹாலின் நடுவே, சரவிளக்குக்கு நேர் கீழே வந்து நின்றார். தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன். "ஓட்டிப் பாத்துர்லாமுங்க. மாப்ளைக்குப் பதில் சொல்லோணும்" என்றார்.

மறுநாள் அந்த இடத்தில் தண்ணீர் ரிக்கின் தலைக்கு மேல் அடித்தது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நனைந்தார். முதல் வேலையாக மாப்பிள்ளைக்கு வீடியோ அனுப்பினார்.

இனி வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டமுடியுமா என்று பார்த்தோம். ஒரு பக்கம் தார்ச்சாலை, மறுபக்கம் அவருடைய அண்ணன் நிலம். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. கிணறு நடுவீட்டில்தான். கூரைத் தளத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு மூடி போட்டால் போதுமே என்று நானே சொல்லித் தொலைத்தேன். தொழில் தர்மம். சொல்லிவிட்டு, வாயைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு எங்க தொழில் தெரியாதுங்க. மோட்டார் மாட்டிக்கிச்சுன்னா முக்காலி ஸ்டாண்டு நட்டு, செயின் போட்டுத் தூக்கோணும். பைப்பு ஒவ்வொண்ணும் இருவது அடி. போர் தூந்துபோனா கம்ப்ரசர் வெச்சு ஊதோணும். ஊதுனா சேறு எங்க போகும்? உங்க சரவெளக்குலதான் போய் ஒட்டும். மேல தொறந்துதானுங்க உடோணும்."

"முழுசாவா?"

"முக்காலி காலு விரியற அளவுக்கு."

வாஸ்துக்காரரைக் கேட்டார்கள். நடுவீட்டில் குழி இருப்பது தோஷம், ஆனால் அதற்கு மேல் வானம் இருந்தால் தோஷம் இல்லை என்றார். வாஸ்துவும் நானும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "வேற வழி இல்லைன்னா என்னங்க செய்யறது, திறந்தே விட்டுடுவோம்" என்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

வாழ்நாள் ஆசை இப்படி நிறைவேறியது. முற்றத்தின் அகல நீளத்தை ஒரு முக்காலி தீர்மானித்தது; நான் அதைச் சுற்றிக் கல்தூண் நட்டு, தரையில் கருங்கல் பதித்து, கிணற்றுக்குழாயின் தலையை ஒரு கல்பீடத்தால் மறைத்தேன். வெயில் சாய்வாக விழுந்தது. பித்தளைக் குடம்கூட வாங்கிக் கொடுத்தேன். அதில் அவர்கள் கோழித் தீவனம் போட்டுவைத்தார்கள்.

தொழில்காரர்கள் வட்டாரத்தில் பேச்சு கிளம்பியது. கோயம்புத்தூரிலிருந்து இளம் ஆர்க்கிடெக்டுகள் ஒரு வேனில் வந்தார்கள். நான் முற்றத்தில் நின்று, மனிதனுக்கும் ஆகாயத்துக்கும் இடையே உள்ள உரையாடலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கேள்வி எதுவும் வரவில்லை, எழுதிக்கொண்டார்கள். பின்னால் நின்றிருந்த வீட்டு முதலாளி, நான் முக்கியமானதை விட்டுவிட்டேன் என்று நினைத்து உதவிக்கு வந்தார்: "இது மோட்டார் தூக்கறதுக்குங்க." அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வருடம் நன்றாகப் போயிற்று. அவர் வண்டிகளைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, ஃபோனில் மேற்பார்வை பார்த்தபடி வீட்டோடு இருக்க ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் காலையில் அவரிடமிருந்து ஃபோன். பழகிய காலமெல்லாம் கலவை எந்திரமோ கட்டிங் மெஷினோ ஓடிக்கொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. எந்திரம் இல்லாத நேரத்திலும் அவர் அதே அளவில்தான் பேசுவார். ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"சார்! போர்ல தண்ணி கம்மியாயிருச்சுங்க! மோட்டார எடுத்தாச்சு! கூட்டுக் குடிநீர் பைப்பு வாசலுக்கே வந்துருச்சு! இனி அந்த ஓட்டை எதுக்குங்க? ஷீட்டு போட்டுர்லாம்னு ஆளு வரச்சொல்லீருக்கறேன்! உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமச் செய்யக்கூடாது பாருங்க!"

நான் அரைமணி நேரத்தில் காரில் இருந்தேன். சங்ககிரி வரை வெளிச்சத்தைப் பற்றி ஓர் உரை தயாரித்தேன். சங்ககிரியைத் தாண்டியதும் அது இவரிடம் எடுபடாது என்று தோன்றி, உஷ்ணத்தைப் பற்றி வேறொன்று தயாரித்தேன். என் பெயர் சொல்ல இருப்பது இந்த ஒரு வீடு. மற்றவையெல்லாம் சகலைகளுடையவை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட் போடுகிறவர் மாடியில் குப்புறப் படுத்து, முற்றத்தின் குறுக்கே டேப்பை நீட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கீழே, முற்றத்தை ஒட்டிய ஹாலில், ஃபோனில் ராஜஸ்தானில் உள்ள தம் ரிக் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தார். ஃபோன் இல்லாமலே அங்கே கேட்டிருக்கும். அந்த அம்மா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். நான் உஷ்ணத்தில் ஆரம்பித்தேன். தகரம் போட்டால் வீடு எப்படிப் புழுங்கும், மேலே ஏறுகிற சூட்டுக்கு எப்படி வழியில்லாமல் போகும் என்றெல்லாம். அந்த அம்மா பொறுமையாகத் தலையாட்டினார்.

"ஏசி போட்டுக்கலாமுங்களே" என்றார் முதலாளி, ஃபோனை வைத்துவிட்டு. "பாருங்க, மழைத்தண்ணி தொடைக்கறதுக்கே இவளுக்குப் பாதி நாள் போயிருது. மொதல்லயே வேண்டாம்னு சொன்னவ. இப்ப அவளுக்காகத்தானுங்க."

அது உண்மைதான். வெளிச்சத்தைப் பற்றிய உரையை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சொன்னார்:

"எனக்காகன்னா வேண்டாமுங்க."

"என்னது?" என்று முதலாளி காதை நீட்டினார்.

"ஷீட்டு வேண்டாமுங்க!" என்று குரலை ஏற்றினார். மாடியில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, நீதான ஒவ்வொரு மழைக்கும் என்னையும் இவரையும் சேத்துத் திட்டுவே?"

நான் காபியைக் குடித்தேன். அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு, சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதுபோல, கணவரின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க காலைல அஞ்சு மணிக்கு ஃபோன எடுத்தீங்கன்னா ராத்திரி வரைக்கும் கத்தறீங்க. இப்பச் சத்தம் மேல போயிருது. மூடிப்போட்டா அத்தனையும் எந்தலைமேலதான் எறங்கும்."

"நானா? நான் கத்தறனா?" என்றார். மாடியில் டேப் சரேலென்று சுருண்டு உள்ளே போனது.

அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் தூண்களைப் பற்றிக் கூசாமல் பொய் சொன்ன நான், அந்த நேரம் பார்த்துக் கருங்கல் தரையின் இணைப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"கம்ப்ரசருக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு காது..." என்று தொடங்கி நிறுத்தினார். அதை அவர் மெதுவாகச் சொல்லப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சமையலறையில் பாத்திரம் அதிர்ந்தது.

"தெரியுமுங்க. அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் அந்த அம்மா. "நீங்க பேசற மாதிரியே பேசுங்க. மேல தொறந்திருக்கட்டும்."

ஷெட்காரரைக் கீழே இறங்கச் சொன்னார்கள். அவருக்கும் ஒரு காபி வந்தது. உஷ்ணத்தைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் இன்னும் அங்கே இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

அதற்குள் முதலாளியின் ஃபோன் மறுபடி அடித்தது. உட்கார்ந்த இடத்திலேயே எடுக்கப்போனவர், மனைவியை ஒரு தடவை பார்த்தார். எழுந்து முற்றத்தின் நடுவில் போய் நின்றார். தலையை நன்றாக அண்ணாந்து, வாயை மேலே திருப்பி வைத்துக்கொண்டு, "சொல்லுப்பா!" என்றார்.