எட்டு மூலை எருமை

எருமையின் கழுத்தில் பசை வாசனை அடித்தது. அப்படித்தான் மாமா என்னிடம் மாட்டிக்கொண்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. கணபதி என்கிற ஊரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் அச்சகம். பில் புத்தகங்களும் காதுகுத்து அழைப்பிதழ்களும் அங்கே அச்சாகும். வெட்டியது போக மிச்சம் விழும் காகிதமெல்லாம் எனக்கு. அதை வைத்துக் கத்திக்கப்பல், கேமரா, ராக்கெட், வாலை இழுத்தால் இறக்கை அடிக்கும் பறவை எல்லாம் மடிக்கக் கற்றிருந்தேன். தெருவில் வேறு யாருக்கும் பறவை வராது. அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலைக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக் கதவையும் அந்த மாதம்தான் சாத்தியிருந்தார்கள் என்பதால் அதில் எனக்கு விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. அத்தையையும் கைக்குழந்தையையும் கிணத்துக்கடவில் அவளுடைய அம்மா வீட்டில் விட்டுவிட்டு மாமா மட்டும் வந்திருந்தார். நாள் முழுக்க என்னோடு உட்காரக்கூடிய பெரிய மனிதர் ஒருவர் கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒருநாள் சாப்பிடும்போது நான் ஒரு சந்தேகம் கேட்டேன். பறவையை எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தாள், அவளுக்கு அவளுடைய டீச்சர் சொல்லிக் கொடுத்தார். அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், முதன்முதலில் மடித்தவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"வேற வேலையில்லாதவனா இருந்திருப்பான்" என்றார் அப்பா.

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். மாமா சற்றுத் தாமதமாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படீன்னா நாமளே ஒண்ணு புதுசா மடிக்கலாமா அம்மணி?" என்று கேட்டார்.

எருமை மடிப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டுக்கு எதிரே காலி மனையில் தினமும் ஓர் எருமை கட்டியிருக்கும். மாதிரி பார்த்துக்கொள்ள வசதி. ஒரே காகிதம், கத்தரிக்கோல் கூடாது, பசை கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். மறுநாளே மாமா நாலு காலும் இரண்டு கொம்பும் உள்ள ஓர் எருமையை என் முன்னால் நிறுத்தினார். கழுத்தை முகர்ந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. முன்பாதி ஒரு காகிதம், பின்பாதி இன்னொரு காகிதம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா பதறிப்போய், ஒரே காகிதத்தில் வரவே வராது என்று சமாதானம் சொன்னார். ஏன் வராது என்று நான் விடாமல் கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அவர் கூச்சப்படவில்லை.

பதில் தேடிப் பறவையின் அலகு, வால், இரண்டு இறக்கை நுனிகள் ஆகியவற்றில் நாலு வண்ணப் பென்சிலால் பொட்டு வைத்துவிட்டு, அதை முழுசாகப் பிரித்துப் பார்த்தேன். பொட்டுகள் நாலும் காகிதத்தின் நாலு மூலைகளில் இருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூராக நீட்டிக்கொண்டு நிற்கிற எதுவுமே ஒரு மூலையிலிருந்துதான் வருகிறது! ஆனால் எருமைக்கு நாலு கால், இரண்டு கொம்பு, முகம், வால். காகிதத்துக்கு இருப்பதோ நாலே மூலை. மாமா ஏன் பசை வைத்து ஏமாற்றினார் என்பது எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் அந்த நாலு மூலை என்னை விடவில்லை. குளிக்கும்போதும் அதே யோசனை. துண்டின் மூலைகளை எண்ணினேன், தோசையைச் சதுரமாகக் கிள்ளி அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

விடை தானாக வந்து விழுந்தது. மாமா கேமரா மடிப்பதற்காக ஒரு காகிதத்தின் நாலு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அது சின்னச் சதுரமாகக் கிடந்தது. நான் கவனிக்காமல் அதை எடுத்துப் பறவை மடிக்கத் தொடங்கிவிட்டேன். மடிக்க மடிக்கத் தடிமனாக இருந்தது. முடித்தபோது பறவையின் வயிற்றுக்குள் என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. நகத்தால் நிமிண்டி வெளியே இழுத்தேன். ஒரு கூர் வந்தது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் வந்தது. உள்ளே ஒளிந்திருந்த பழைய மூலைகள் நாலும் புதிய மூலைகள் நாலும் சேர்ந்து, என் கையில் எட்டுக் கூர் உள்ள ஏதோ ஒரு ஜந்து இருந்தது.

டீக்கடைக்கே ஓடினேன். மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சின்னக் காகிதம் மடிப்பில் கிழிந்தது. அழைப்பிதழ் அட்டை வளைய மறுத்தது. கடைசியில் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புக் காகிதம் பெரிதாகக் கிடைத்தது. நான் கொம்புகளைச் சரிசெய்தேன். கால்கள்தான் நிற்கவில்லை. எருமை ஒவ்வொரு முறையும் முட்டி போட்டுச் சாமி கும்பிட்டது.

அந்தச் சமயத்தில் அப்பா தமக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் மாமாவுக்காகச் சொல்லி வைத்திருந்தார். காலையில் போய் முதலாளியைப் பார்க்க வேண்டும். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி இட்டுத் தயாராகத்தான் இருந்தார். செருப்பு மாட்டப் போகும்போது மேஜை மேல் எருமை படுத்திருந்ததைப் பார்த்தார். பின்னங்கால் ஒன்றை உள்பக்கம் ஒரு மடிப்பு மடித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எருமை நாலு காலில் நின்றபோது எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

மாமா அதற்கப்புறம்தான் ஓடினார். பட்டறையில் அந்த இடத்துக்கு வேறோர் ஆளை வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் யாரும் குரல் உயர்த்தமாட்டார்கள். மரியாதை கூடிவிடும், அவ்வளவுதான்.

"ஏனுங்க மாப்ள, காயிதத்துல எருமை செஞ்சா அது பால் கறக்குமுங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க மச்சான்."

"பொறகு எதுக்குங்க?"

மாமா எருமையைப் பார்த்தார். "அது நின்னுபோடும்னு தோணுச்சுங்க. அதான் உட்டுட்டுப் போக மனசு வல்லீங்க" என்றார்.

வீணாய்ப் போன காகிதத்துக்காகத்தான் அப்பா கோபப்படுகிறார் என்று நினைத்து, அது என்னுடைய காகிதம் என்று நான் குறுக்கே சொன்னேன். அம்மா என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் மாமா மேட்டுப்பாளையம் போய்விட்டிருந்தார். அங்கே காய்கறி மண்டியில் வேலை என்றார்கள். மண்டி வேலை என்றால் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த கவலை வேறு. பின்னங்காலை எப்படி மடித்தார் என்று அவர் சொல்லாமலே போய்விட்டார்.

எருமையைப் பிரிக்க இரண்டு நாள் மனசு வரவில்லை. பிரித்தால் மறுபடி சேருமோ சேராதோ. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒரு காலாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிக்கொண்டே போனேன். காகிதம் விரிந்து தரையில் கிடந்தபோது எருமை இருந்த சுவடே இல்லை, கோடுகள் மட்டும்தான். திரும்ப மடித்தேன், வரவில்லை. வேறு காகிதத்தில் மடித்தேன். பள்ளிக்கூடம் திறந்து, மழை பிடித்து, காலாண்டுப் பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு நாள் அது நின்றது. அதோடு மாமா என்ன செய்வது என்று தெரியாமல் வயிற்றுக்குள் சொருகிவிட்டிருந்த எட்டாவது கூர்முனையை வெளியே எடுத்து வாலாக்கிவிட்டேன். அந்த வால் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதது.

தீபாவளிக்கு மாமா அத்தையோடும் குழந்தையோடும் வந்தார். வாசலிலேயே எருமையை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்காமல் என் உள்ளங்கையிலேயே இருக்கவிட்டு, குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"வாலு எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

சொன்னேன். பிரித்தும் காட்டினேன். அவர் ஒரு மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டதாக உணர்ந்தேன். உடனே உள்ளே ஓடிப் பெரிய பழுப்புக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்து, அடுத்தது யானை என்றேன்.

"நீ மடி, நான் பாக்கறேன்" என்றார். கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தேன். என் வாலைப் பார்த்து மாமாவுக்குப் பொறாமை வந்துவிட்டது என்று நிச்சயம் செய்துகொண்டு நானே மடிக்கத் தொடங்கினேன். அம்மா தேங்காயெண்ணெயைச் சூடாக்கிச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அத்தை குழந்தையை இறக்கிவிட்டு, அவர் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல்களை மெதுவாக நீட்டிவிட்டு, காய்த்து வெடித்திருந்த உள்ளங்கையில் எண்ணெய் தடவினாள். அவர் ஒருமுறை பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார். தீபாவளி எண்ணெயைத் தலையில் வைக்காமல் கையில் ஏன் வைக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தும்பிக்கையை எந்த மூலையிலிருந்து எடுப்பது என்பது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த கேள்வி.