மாமி அவிழ்க்கச் சொன்ன போர்வை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொட்டாஞ்சேனை வீட்டில் மாமிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது நான் பக்கத்தில் கன்னியாஸ்திரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் கணவர், "அம்மா எழும்பி நடமாடுற வரைக்கும் லீவு எடும்" என்றார். எடுத்தேன். அதில் எனக்கு மனக்குறை இருக்கவில்லை. கஞ்சி வைத்தேன், உடம்பு துடைத்துவிட்டேன், தலைமாட்டில் இருந்து செபமாலை சொன்னேன்.

மாமி தேறி, சாய்மனைக் கதிரையில் வந்து உட்காரத் தொடங்கியதும் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தேன். அப்போதுதான் போர்வைக் கதை வந்தது. என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, புருஷனுக்கு மாற்றம் வந்து மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் போயிருந்தா. அங்கே குளிராம், பிள்ளைகள் இருமிக்கொண்டே இருக்கிறார்களாம்.

"கடையில விக்கிறதெல்லாம் மெல்லிசு. கையால பின்னினதுதான் சூடு" என்றா மாமி. "நீ படிச்ச பிள்ளை, கெதியாப் பழகிப்போடுவாய். அதை முடிச்சுப்போட்டுப் போவன் பள்ளிக்கூடத்துக்கு."

கணவர் புறக்கோட்டையில் கம்பளி நூல் வாங்கி வந்தார். குரோஷே என்ற கொக்கி ஊசியை நான் அதற்கு முன் கையால் தொட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பறங்கி நோனா, ஒல்லாந்தர் வழிவந்த அம்மா, ஒரு பின்னேரம் வந்து சங்கிலி போடுவதையும் அதன்மேல் கண்ணி எடுப்பதையும் காட்டித் தந்துவிட்டு, வெள்ளவத்தையில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டா. மிச்சத்தை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

ஒரு கைக்குட்டையளவு பின்னுவது வேறு, இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்குப் பின்னுவது வேறு. முழங்கை நீளம் வளர்ந்ததும் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கிக்கொண்டு போனது. மாமி அதை மடியில் விரித்துப் பார்த்தா.

"கோணல். அவிழ்."

அவிழ்த்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கடைசிக் கண்ணியை நான் தவறவிட்டது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு ஓரக் கண்ணிகளிலும் சிவப்பு நூல் துண்டைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஓரம் நேராக வந்தது. ஆனால் காலையில் போட்ட வரிகள் தளர்ந்தும், பகல் சமையல் முடித்து வேர்த்துப்போய் வந்து போட்டவை இறுகியும் கிடந்தன. மாமி உள்ளங்கையால் தடவினா. "இஞ்ச வீங்கியிருக்கு, இஞ்ச சூம்பியிருக்கு. மச்சாள் வீட்டுக்கு இதையோ அனுப்புறது? அவிழ்."

மறுபடியும் அவிழ்த்தேன். நூலைச் சின்னி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் இழுப்பு ஒரே மாதிரி இருக்கும் என்று பழகினேன். கண்ணியை ஊசியின் ஒடுங்கின கழுத்தில் விடாமல் தடித்த இடம்வரை ஏற்றினால்தான் எல்லாம் ஒரே அளவில் வரும். வளர வளரப் போர்வையின் பாரமே கண்ணிகளை இழுத்து நீட்டியது. அதற்காக ஒரு கதிரையைப் பக்கத்தில் போட்டு அதன்மேல் ஏற்றி வைத்தேன். நான் அவிழ்க்கும்போதெல்லாம் கணவர் எதிரே இருந்து நூலை உருண்டையாகச் சுற்றித் தந்தார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். குறை என் விரல்களில்தான் என்றும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர் கையைப் பிடித்தா.

"உங்கட இடத்துக்கு வந்தவ நல்லாத்தான் படிப்பிக்கிறா. எண்டாலும் பிள்ளைகள் உங்களைத்தான் கேக்குதுகள். ஏன் விட்டனீங்கள்?"

"ஆர் விட்டது? நான் லீவிலயெல்லோ நிக்கிறன்."

அவவின் முகம் மாறிவிட்டது. "உங்கட அவர் வந்து மதரோட கதைச்சவராமே, இனி நீங்கள் வரமாட்டியள் எண்டு. மாமிக்குக் காய்ச்சல் விட்ட கையோட."

காய்ச்சல் விட்ட கையோடு. அப்படியென்றால் நூல் வாங்குவதற்கும் முன்பே.

வீட்டுக்கு வந்தேன். கணவர் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"அம்மாதான் சொன்னவ, வீட்டில ஆள் வேணுமெண்டு. உமக்குச் சொன்னால் சண்டை பிடிப்பீர். கொஞ்சம் கொஞ்சமா மறந்துபோவீர் எண்டு நினைச்சனான்."

"நான் அவிழ்க்க அவிழ்க்க இருந்து நூல் சுத்தினீங்களே?"

அவர் மற்றச் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து மாமிதான் சொன்னா: "உத்தியோகம் பாக்கவோ உன்னை எடுத்தனாங்கள்?"

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியையான மதர் என்னை இருக்கச் சொல்லி அன்பாகத்தான் பேசினா. "புருஷன் நேரில் வந்து சொன்னால் நாங்கள் வேறு என்னத்தைக் கேட்பது, மகள்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மதர்."

அவ இடுப்பிலிருந்த செபமாலையை உருட்டினா. மாமியில் வந்த கோபத்தைவிட மதரின் அந்தக் கேள்வி எனக்குக் கூடுதலான கோபத்தைத் தந்தது. நான் பெற்ற சான்றிதழ், நான் வாங்கிய நல்ல பெயர், நான் எழுதப் பழக்கிய பிள்ளைகள், எல்லாவற்றையும் என் கணவர் ஒரு நடை வந்து முடித்துவிட்டுப் போக முடிந்தது. ஒருவருக்கும் அது புதினமாகப் படவில்லை.

போர்வையை முடித்தேன். ஆத்திரத்தில் கண்ணிகள் இறுகிச் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை, கை பழகிவிட்டது. அந்தக் கடைசிப் பாதி முழுவதும் அச்சுப்போல வந்தது. மாமி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு, "இதை மட்டும் ஒருக்கா அவிழ்த்து..." என்று தொடங்கினா.

"நீங்கள் அவிழுங்கோ, மாமி" என்று அவவின் மடியில் போட்டேன்.

அவ அவிழ்க்கவில்லை. நானே கடதாசியில் சுற்றி, பண்டாரவளைக்குப் போன உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அதன்பிறகு மாமி கனகாலம் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கப் போகவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, கோட்டை ஸ்டேஷனுக்குப் போய்க் கடற்கரை ரயிலைப் பிடிப்பேன். கணவர் முதலில், "சனம் என்ன சொல்லும்?" என்றார். "நீங்கள் மதரிட்டைப் போய்க் கதைச்சதைப் பற்றியும் சனத்திட்டைச் சொல்லுவம்" என்றேன். பிறகு அவர் தடுக்கவில்லை.

செய்தது பிழை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. வெள்ளைக்காரன் போய், வருஷங்கள் கழிந்து, வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "என்ர மனுசி டீச்சர்" என்று பெருமையாகச் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் நான் எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன்.