கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

மனநல வார்டில் என்னைப் போல் மாட்டிக்கொண்ட தாதிமாரே, ஓடி ஓடிச் செய்வதைவிட ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் நம் தொழிலில் முதுகை ஒடிக்கிறது. நோயாளியால் முடிந்ததை அவரே செய்யவேண்டும், முடியாததற்கு மட்டும் தாதி கைகொடுக்கவேண்டும் என்பது சுயபராமரிப்புக் கோட்பாடு. பட்டப்படிப்புக்காக அதைச் செய்து பார்க்க எனக்குக் கிடைத்தவர் வெள்ளவத்தைத் தவராசா. ஐம்பது வயது. மனச்சோர்வில் இரண்டு மாதமாகக் கட்டிலோடு கிடந்தவர். வெள்ளிக்கிழமைக்குள் தன் வேலையைத் தானே பார்த்தால் வீடு, இல்லாவிட்டால் நீண்டகால வார்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்காவின் கை

தவராசாவுக்கு இருப்பது ஓர் அக்கா மட்டும். அவருக்குத் தையல் கடையில் வேலை, பகலில் வீட்டில் ஆளில்லை. அதனால் தம்பி தானே சாப்பிடப் பழகவேண்டும் என்று மூன்று நாள் படித்துப் படித்துச் சொன்னேன். அக்கா நன்றாகத் தலையாட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் சோற்றைக் குழைத்துத் தம்பியின் வாயில் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றுக் கோப்பையை வாங்கித் தவராசாவின் கையில் கொடுத்தேன். அக்கா என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

"நீங்க புத்தகத்தைப் பாக்கிறியள் மிஸ், நான் அவன்ர வயித்தைப் பாக்கிறன்."

ஐந்து பொத்தான்

சேர்ட்டில் ஐந்து பொத்தான்தான். முதலாவதைப் போடவே அவருக்குப் பத்து நிமிடம் போனது. விரல் நடுங்கும், நிற்கும், ஜன்னலைப் பார்ப்பார். மற்றப் பதினேழு கட்டிலும் என்னைக் கூப்பிட, நான் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தேன். மருந்து வண்டியோடு வந்த பஸ்ரியா, என் கூட்டாளித் தாதி, நின்று பார்த்தாள்.

"இவர் போட்டு முடிக்கக்குள்ள நான் தெமட்டகொடை வீட்டுக்குப் போய் சோறாக்கி வெச்சிட்டு வந்திருவன்!"

வெள்ளிக்கிழமை

டாக்டர் வந்தபோது தவராசா தானே குளித்து, சாப்பிட்டு, சேர்ட்டும் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பொத்தான் மட்டும் துளை மாறியிருந்தது. என்னை அறியாமல் கை அந்தப் பொத்தானுக்குப் போனது. "வீட்டில தனிய சமாளிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஓம் சேர், எல்லாம் செய்வார்" என்று பதிலையும் நானே சொல்லித் தொலைத்தேன். தவராசா என் கையை மெல்ல விலக்கினார்.

"விடுங்கோ மிஸ், கேட்டது என்னட்ட. நான் சொல்லுறன்."

டாக்டர் சம்மதிக்க, அன்று பின்னேரமே அவர் அக்காவோடு வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். கோட்பாட்டைப் படித்த நான்தான் இன்னும் கையைக் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.