வெயில் படாத பிள்ளை

தார் ரோடு போடுகிறவளுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினாறு வருடமாக மேலே சூரியன், கீழே கொதிக்கிற தார், நடுவில் அவள். நாற்பது வயதில் அறுபது தெரிந்தது. தெருவில் அவளுக்குப் பேரே தார்க்காரிதான். "இருட்டுல நீ சிரிச்சாத்தான் ஆள் நிக்கிறதே தெரியும்" என்று மாமியார் சாகும்வரை கேலி பேசினாள். இவளும் கூடவே சிரித்து வைப்பாள். உள்ளே பற்றி எரியும்.

ஒரே மகள் சிவப்பாகப் பிறந்தாள். இவள் மேல் ஒரு பொட்டு வெயில் படக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள் தார்க்காரி. அப்புறம் என்ன, பொத்திப் பொத்தி வளர்த்தாள். பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வரும். அந்த நாலு எட்டுக்கும் குடை. எந்நேரமும் முழுக்கைச் சட்டை. மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று டீச்சரிடம் கெஞ்சி வைத்திருந்தாள். சாப்பாட்டில் குறை வைத்தாளா? அதெல்லாம் கிடையாது. எட்டு வயதில் பிள்ளை கொழுக்கு மொழுக்கென்று இருந்தாள். ஒரு சளி, காய்ச்சல் என்று படுத்ததில்லை.

கல்லைத் தின்றாலும் செரிக்கிற அந்த வயதில்தான், மாடிப்படி ஏறினால் கால் வலிக்கிறது என்றாள் மகள்.

"வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். உடம்பு வணங்கலடி உனக்கு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள் தார்க்காரி.

ரோலர் ஓட்டுகிற கணவன்தான் கவனித்தான். "என்னடி இது, பிள்ளை வாத்து மாதிரி நடக்குது?" குனிந்து பார்த்தால் முட்டி இரண்டும் விலகிக் கால்கள் வளைந்திருந்தன. அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். "வேற ஒரு நோயும் இல்லம்மா, நல்ல ஆரோக்கியமான பிள்ளை" என்றார் டாக்டரம்மா. "வைட்டமின் டி மட்டும் சுத்தமா இல்ல. அதான் எலும்பு உறுதியாகாம வளையுது. நான் சொல்ற வரைக்கும் மருந்தை நிறுத்தாதீங்க. தினமும் வெளியில விளையாட விடுங்க. இப்பவே கவனிச்சா நிமிர வாய்ப்பிருக்கு."

தலையை ஆட்டிவிட்டு வந்தவள் செய்த வேலையைக் கேளுங்கள். மருந்து தீரும்வரை ஒழுங்காகக் கொடுத்தாள். வலி குறைந்ததும், இனி எதற்கு என்று விட்டுவிட்டாள். வெயிலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே வெயில் விழுகிற இடத்தில் நாற்காலி போட்டு மகளை உட்கார வைத்தாள். காலும் நிமிருமாம், நிறமும் போகாதாம்! ஏழு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு நாள் கடைசிப் படியில் கால் தடுக்கி உட்கார்ந்தாள் பிள்ளை. அவ்வளவுதான், தொடை எலும்பு முறிந்தது.

"வெயில்ல விட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தினமும் ஜன்னலோரம் உட்கார வச்சேம்மா."

"ஜன்னலைத் திறந்து வச்சா?"

"சாத்தித்தாம்மா. கறுத்துடுவாளேன்னு..."

"கண்ணாடி வழியா வர்ற வெயில் சுடும், அவ்வளவுதாம்மா. எலும்புக்கு வேண்டியது அதுல கிடைக்காது. முறிஞ்சது கூடிடும். வளைஞ்சதுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். அப்புறமும் பழைய மாதிரி நடப்பாளான்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மாவுக்கட்டோடு மகளை இரு கையிலும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் விழுந்தது. பிள்ளை வீறிட்டு, தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உள்ள போயிடலாம்மா! வேணாம்மா! நான் உன்னை மாதிரி ஆயிடுவேன்!"

எட்டு வருடமாகச் சோற்றோடு சேர்த்து இவளே ஊட்டியதுதான். யாரை நோவது?