பயந்த கோளாறு

திருக்கோகர்ணத்தில் டாக்டரைப் பார்க்க அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார்கள். அந்த 'டக்' சத்தத்தில் என் உள்ளங்கை வியர்த்தது. எனக்கு வயது நாற்பத்தாறு.

சின்ன வயதில், கீரனூர் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று பொருள். அம்மா சட்டென்று ரேடியோவை அணைப்பாள். எனக்கு வாய் உலர்ந்துபோகும். அவர் பெல்ட்டைக் கழற்றும் முன்பே என் பாவாடை நனைந்திருக்கும். மறுநாள் காய்ச்சல் வரும். பயந்த கோளாறு என்று சொல்லி அம்மா என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவாள். அங்கே ஒரு பெரியவர் தண்ணீரில் ஓதி என் முகத்தில் தெளிப்பார்.

"புள்ள எதைப் பாத்து பயந்துச்சு, ஆத்தா?"

"நாய் தொரத்திருச்சுங்க," என்பாள் அம்மா.

ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே நாய். எங்கள் தெருவில் நாயே கிடையாது. கையில் கறுப்புக் கயிற்றோடு திரும்புவோம். வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்ததும் கயிற்றுக்குக் கீழே நாடி குதிக்கும்.

அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறியிருக்கு. இந்தப் படபடப்பு எப்ப இருந்து வருது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"சின்னதுல இவள நாய் தொரத்திருச்சுங்க டாக்டர். அதுலேர்ந்துதான்."

"கடிச்சுச்சா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஆமாங்க," என்றேன். "இவங்களையும்தான்."