பனிவண்டிக்குப் பூட்டிய புதுக்குழாய்

பனிவண்டியோடு வருகிற புகைக்குழாயைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கிற வேறு குழாயைப் பூட்டினால் பலன் உண்டா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான தமிழர் அதிகம் பேர் இருக்க முடியாது. பூட்டியவன் நான். பலனை அனுபவித்தவன் வேறொருவன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில், பிரஸ்டன் பக்கம் ஒரு சின்னக் கராஜில் வேலை செய்தேன். புல்வெட்டும் மெசின், மோட்டார் சைக்கிள், தண்ணீர் பம்ப் என்று சத்தம் போடுகிற எல்லாம் அங்கே வரும். பனிக்காலம் முடிந்ததும் மலையிலிருந்து பனிவண்டிகளும் லொறியில் வந்து இறங்கும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகன்ற றப்பர் பட்டி, நடுவில் பெற்றோலோடு ஒயிலையும் கலந்து எரிக்கிற ஒரு ரூ ஸ்ரோக் எஞ்சின். நான் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தியவன். பனி என்று நான் கண்டது மீன்பெட்டிக்குள் போடும் ஐஸைத்தான். ஆனாலும் வேலைக்கு எடுக்கும்போது முதலாளி, "பனிவண்டி தெரியுமா?" என்று கேட்டதும் தெரியும் என்று தலையாட்ட எனக்கு ஒரு செக்கன்கூடத் தேவைப்படவில்லை. வேலைதான் மெதுவாக வரும். பொய் நல்ல வேகம்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் ஊரில் என்னோடு படித்தவன். எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை. மச்சான் என்று கூப்பிட உறவு வேண்டுமா என்ன. அவனுக்கு மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில். இவன் மலையில் ஒரு விடுதிக்குப் பனிவண்டி ஓட்டினான். கார்கள் நிற்கும் அடிவாரத்திலிருந்து ஆட்களின் பெட்டிகளையும் சமையல் சாமான்களையும் வண்டிக்குப் பின்னால் கொழுவிய சறுக்குத் தட்டில் ஏற்றிக்கொண்டு மேலே போவது வேலை. பனி கரைந்தால் வேலையும் கரைந்துவிடும். மற்ற மாதங்களில் கிடைத்த இடத்தில் கிடைத்ததைச் செய்வான்.

அந்த வருடம் விடுதிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இரண்டு ஓட்டிகளில் ஒருவனை வருடம் முழுவதும் வைத்துக்கொள்ளப் போகிறாராம். நிரந்தர வேலை என்று கடிதம் ஒன்று இருந்தால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடும் அலுவல் சுலபமாகும் என்று இவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மற்ற ஓட்டி மலையடிவாரத்திலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெடியன்.

"அவன் ஆறு தரம் ஏறி இறங்கிற நேரத்தில நான் ஐஞ்சு தரம் மச்சான்" என்றான். குசினியில் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நாடியை வைத்துக்கொண்டு இருந்தான். "அந்த ஒண்டுதான் இடிக்குது."

"புதுக்குழாய் ஒண்டு இருக்கு" என்றேன். "அமெரிக்காவில இருந்து வருது. புத்தகத்தில படம் பார்த்தனான். பூட்டினா ஏழு தரம்."

"உண்மையாவோ? ஓடுமோ?"

"ஓடுமோவோ? பறக்கும்."

"பறக்க வேண்டாம். நிக்காமல் ஓடினாக் காணும்."

புத்தகத்தில் படம் பார்த்தேன் என்றது உண்மை. கீழே எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. அவனோ என் வார்த்தையை நம்பி விடுதிக்காரரிடம் போய்ப் பேசியிருக்கிறான். தன் கூட்டாளி பெரிய ரூ ஸ்ரோக் நிபுணன் என்றும், தன்னுடைய வண்டிக்குக் குழாயை வாங்கித் தந்தால் வேகத்தைக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறான். அவர் வாங்கிவிட்டார். ஏப்ரலில் வண்டியும் குழாய்ப்பெட்டியும் ஒன்றாகக் கராஜுக்கு வந்து இறங்கின.

குழாயைப் பூட்டுவது பெரிய வேலை இல்லை. நான்கு ஸ்பிறிங், இரண்டு நட். விஷயம் அதற்குப் பிறகுதான். புதுக்குழாய் எஞ்சினுக்குள் காற்றைக் கூட இழுக்கும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். அதற்குக் காபரேற்றருக்குள் இருக்கும் ஜெற்றை, அதாவது நடுவில் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டை, மாற்ற வேண்டும். துளை பெரிதென்றால் பெற்றோல் கூடப் போகும். சிறிதென்றால் எஞ்சின் பெற்றோலுக்குக் காய்ந்து, சூடேறிப் பிஸ்டன் உருகும். இதெல்லாம் முதலாளி எனக்குச் சொன்னதுதான். சொல்லிவிட்டு மகளைப் பார்க்க ஒரு கிழமை அடிலெயிட் போனார். போகும்போது கடைசியாகச் சொன்னது இது: "ஓட்டிப் பார், தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார். பால் விட்ட தேநீர் நிறம் வந்தால் சரி."

தேயிலை விளையும் நாட்டிலிருந்து வந்தவனுக்கு வெள்ளைக்காரன் தேத்தண்ணி நிறம் சொல்லித் தருவதா என்று சிரித்துக்கொண்டேன்.

பிரஸ்டனில் பனி கிடையாது. வண்டியின் பின்பக்கத்தை ஸ்ராண்டில் தூக்கி வைத்து, றப்பர் பட்டி வெறும் காற்றில் சுழல ஓட்டினேன். சத்தத்துக்குப் பக்கத்துப் பேக்கரிக்காரர் கையில் மாவோடு வெளியே வந்து நின்றார். பெரிய ஜெற்றில் தொடங்கினேன். பிளக் கறுப்பு. அடுத்ததைப் போட்டேன், கடும் மண்ணிறம். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இது பிளேன்ரீ அல்லவா? இதில் பால் எங்கே? எங்கள் வீட்டில் பால் தேத்தண்ணி என்றால் ரின்பால், பேணியில் வருகிற இனிப்புக் கட்டிப்பால். கரண்டி கரண்டியாக விட்டு, குடிக்கிறவனுக்கு அது தேத்தண்ணியா பாயாசமா என்று சந்தேகம் வர வேண்டும். இன்னும் சின்ன ஜெற். பிறகு அதிலும் சின்னது. நான்காவது தரம் பிளக் வெளிறி, பழைய தந்தப் பொத்தான் மாதிரி வந்தது. அச்சொட்டாக என்னுடைய தேத்தண்ணி. எனக்கே நான் கை குலுக்கிக்கொண்டேன்.

அங்கே பனிக்காலமான ஜூலையில் விடுதித் தொலைபேசியிலிருந்து எடுத்தான்.

"மச்சான், பறக்குது!"

"நான் சொன்னனானெல்லே."

"நீ குழாய் பூட்டித் தந்ததை மனிசிக்கும் எழுதிப் போட்டன். சத்தம்தான் பிரச்சினை. காலமை வெளிக்கிட்டா விடுதி முழுக்க எழும்பி ஏசுது. திருவிழா வெடி மாதிரிக் கிடக்கு. ஆனா நேற்று ஆறு தரம் போனனான். அவனும் ஆறு."

"நாளைக்கு ஏழு" என்றேன்.

இரண்டு கிழமை ஓடியது. பிறகு, விடுதி நிரம்பியிருந்த ஒரு சனிக்கிழமை, வானம் துடைத்த மாதிரித் தெளிந்து குளிர் கூடிய ஒரு மத்தியானம், அறுபது பேருக்கான இறைச்சியும் பாணும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு ஏறியவனின் வண்டி பாதி மலையில் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. ஸ்ராட் பண்ணும் கயிற்றை எவ்வளவு இழுத்தும் எஞ்சின் அசையவில்லை. அவன் நடந்து மேலே போய்ச் சொல்லி, மற்றப் பெடியன் தன் வண்டியைக் கொண்டுவந்து, சாமான்களை மாற்றி ஏற்றி, இவனையும் மேலே ஏற்றிக்கொண்டு போனானாம். ஏழாவது தரம் அதுதான். அந்தப் பெடியனின் கணக்கில்.

வண்டி கராஜுக்கு வந்தது. எஞ்சினை நான்தான் பிரித்தேன். பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பெற்றோலுக்குக் காய்ந்த எஞ்சினின் நிறம். முதலாளி வந்து பார்த்தார். பிளக்கை வாங்கித் திருப்பினார். தன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினார், குடிக்கத்தான். நான் எட்டிப் பார்த்தேன். ஈரமான செங்கல் நிறம். பால் அதற்குள் வழி தவறி விழுந்த ஒரு சொட்டு. அவரோடு ஏழு மாதம் வேலை செய்திருக்கிறேன்; அவருடைய தேநீரை ஒருநாளும் பார்த்ததில்லை.

"விடுதிக்காரனுக்கு நான் எழுத வேண்டும்" என்றார். "எங்கள் பிழையா, ஓட்டினவன் பிழையா? ஜெற் சரியாகத்தானே போட்டாய்?"

கராஜில் என் வேலையும் நிரந்தரம் இல்லை. இந்த நாட்டில் அது எனக்குக் கிடைத்த மூன்றாவது இடம். முதல் இரண்டிலிருந்தும் நான் எப்படி வெளியே வந்தேன் என்பதைப் பகிடியாகப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த நேரம் அதில் ஒரு பகிடியும் தெரியவில்லை.

"பாரம் ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் அதிக நேரம் பிடித்திருப்பான்" என்றேன்.

இது முழுப்பொய் இல்லை. அவன் பிடித்துத்தான் இருப்பான். ஏழு தரம் போகச் சொன்னவன் நான். முதலாளி அந்தப் பிளக்கை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையே எழுதினார்.

செப்டெம்பரில் அவன் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான். வருட வேலை மற்றப் பெடியனுக்கு. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"உள்ளுக்க என்ன கிடந்தது?"

"பிஸ்டன் ஓட்டை."

"ஏன்?"

பதில் வாய்வரை வந்தது. வாயில் எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். "பிஸ்டனுக்கும் குளிருதாம், யன்னல் திறந்திருக்கு" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் காணாமலே இருந்திருக்கலாம்.

"நான் வேகப் பிடியைக் கூட அமத்திப் போட்டன் போல" என்றான். "ஆசையில."

அடுப்பில் கேத்தல் இல்லாதபோதும் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னான். மற்றப் பெடியனின் வண்டி வேகமே இல்லையாம், பழைய குழாய்தானாம். ஆனால் அவன் இரண்டு சறுக்குத் தட்டு வைத்திருந்தானாம். ஒன்று மலையேறும்போது மற்றது கீழே சாமான் ஏறிக்கொண்டிருக்குமாம். இவன் ஒன்றையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம் கயிறு கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த ஆறாவது தரம் எஞ்சினில் இருக்கவே இல்லை. குழாய் தந்தது மேட்டில் சில செக்கன்களும், ஊரை எழுப்புகிற சத்தமும்தான். ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: முதலில் சாமான் கட்டுகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் குழாய் வேண்டுமென்றால், ஜெற்றை மலையில், குளிரில், பாரத்தோடு ஓட்டிப் பார்த்துப் போடுங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள்.

அவன் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் சேர்ந்தான். ஊருக்கு ஒரு வரியும் எழுதவில்லை. மூன்று கிழமை பார்த்துவிட்டு, "கடிதம் போடன்" என்றேன்.

"என்னெண்டு எழுதிறது? நீ எழுது. உனக்குத்தானே கதை வரும்."

எழுதினேன். இந்த வருடம் மலையில் பனி சரியாக விழவில்லை, விடுதியைக் கெதியாகப் பூட்டிவிட்டார்கள், அதனால் யாரையும் வருட வேலைக்கு எடுக்கவில்லை என்று. பனி விழாததை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்தேன். மலை மொட்டையாகிவிட்டது என்றும் பனிமனிதனுக்கு மூக்குச் செய்யவே பனி காணவில்லை என்றும் பகிடி எல்லாம் விட்டேன். அவன் வாசித்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று தன் கையால் ஒருக்கால் பார்த்தெழுதி அனுப்பினான்.

மனைவியின் பதில் வர ஒரு மாதமானது. இரவல் பேனையால் எழுதியதுபோல இடையில் மை நிறம் மாறியிருந்தது. குசினியில் நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினான். பிள்ளை இப்போது முழு வசனமாகக் கதைக்கிறாளாம். இந்த வருடம் பனி குறைவென்றால் அடுத்த வருடம் கூடத்தானே வேணும், மழையும் அப்படித்தானே, யோசிக்க வேண்டாமாம். கடைசியில் ஒரு வரி: "உங்கட வண்டிக்குக் குழாய் பூட்டித் தந்த அண்ணைக்கு எங்கட நன்றியைச் சொல்லுங்கோ."

கடிதத்தை மடிக்காமல் என்னைப் பார்த்தான்.

"என்ன எழுத?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை.

"பரவாயில்லையாம் எண்டு எழுது மச்சான்" என்றேன்.